கதைக்கு நடுவில் வந்த குரல்

தொலைக்காட்சி மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அது வெறும் பெட்டி. என் கணவர் சிறில் உட்துறைமுக வீதியில் ஒரு சின்னக் கடை வைத்து, அந்தப் பெட்டிகளைத் திருத்தித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே கரப்பான் முட்டையும் பல்லி எச்சமும் இருக்கும். ஒருமுறை காய்ந்துபோன எலிக்குஞ்சு ஒன்றும் கிடந்தது. அதே பெட்டியின் முன்பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். நான் ஸ்பிரிட் நனைத்த துணியால் பின்பக்கத்தைத் துடைப்பேன். முன்பக்கத்தை யாராலும் துடைக்க ஏலாது என்று சிறில் பகிடி விடுவார்.

என் கண்ணுகளே, இவ்வளவு நாளும் சனிக்கிழமைகளில் என் குரலைக் கேட்டீர்கள். இந்தமுறை எழுதி அனுப்புகிறேன். குரலில் நடுக்கம் இருந்தால் ஏதோ வருத்தம் என்று எண்ணிவிடுவீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. இடுப்பில் நாரிப்பிடிப்பு மட்டும்தான்.

தொலைக்காட்சியில் வரும் விண்வெளிக் கதைகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. காற்றே இல்லாத இடத்தில் கப்பல் வெடிக்கும்போது டும் என்று சத்தம் போடுகிறார்கள். வேற்றுக்கிரகத்து ஆள் நெற்றியில் இரண்டு கட்டியை ஒட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு மாமா மாதிரிப் புத்தி சொல்கிறான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விஞ்ஞானக் கதை படித்தது, ஒரு கப்பல் அதிகாரி விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகங்களைக் கோயில் விற்பனையில் பெட்டியோடு வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போகும். ஆனால் வெளியில் சத்தம் இல்லை என்பது முதல் புத்தகத்திலேயே விளங்கிவிட்டது. அங்கே ஒருவன் எவ்வளவு கத்தினாலும் மற்றவனுக்குக் கேட்காது. அந்த வசனத்தில் எனக்கு ஒரு நிம்மதி.

கணினியோடு எனக்கு நல்ல உறவு. அது கோபித்துக்கொள்ளாது, குறுக்கே கதைக்காது, சாப்பிட்டுக்கொண்டு பதில் சொல்லாது. எதையாவது அழிக்கப்போனால் மரியாதையாக ஒருமுறை கேட்கும், நிச்சயமாக அழிக்கவா என்று. மனிதரில் அப்படிக் கேட்கிறவர் எத்தனை பேர்?

எங்கள் வட்ஸ்அப் குழுவை நான் தொடங்கியபோது பத்துப் பேர்தான். பிறகு நீங்கள் வந்தீர்கள். தோப்பூரில் வயல் காவல் இருப்பவர், சீனன்குடாவில் வாசல் காவலுக்கு நிற்பவர், கிண்ணியாவில் வாயில் நூலைக் கடித்துக்கொண்டு தைக்கிற பஸ்மியா. பாதிப்பேர் வள்ளக்காரர். கடலில் கை ஈரமாக இருக்கும், எழுத்து வாசிக்க ஏலாது, குரல் என்றால் கேட்கலாம். கரையில் சிக்னல் பிடிக்கும்போதே கதையை இறக்கிவைத்துக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்ட அன்று, என் கதைகள் கொட்டியாரக்குடாவில் மிதக்கின்றன என்று சிறிலின் படத்துக்குச் சொன்னேன்.

அதனால்தான் ஒழுங்குகளையும் வைத்தேன். காலை வணக்கத்துக்கு ரோசாப்பூப் படம் வேண்டாம். மூலநோய்க்கு மருந்து வேண்டாம். கதை நடக்கும்போது யாரும் குறுக்கே பேச வேண்டாம். கதை முடிந்த பிறகு விரும்பியவர் ஓர் அபயக்குரல் விடலாம். விண்வெளியில் தத்தளிக்கும் கப்பலில் இருந்து கூப்பிடுவது போல நடித்துக் குரல் அனுப்புகிற அந்த விளையாட்டை நான்தான் தொடக்கி வைத்தேன். நீங்கள் எவ்வளவு ஆசையாக விளையாடினீர்கள். காவல்காரர் ஒருவர் சனிக்கிரகத்தில் தேத்தண்ணி தீர்ந்துவிட்டது என்று அழுதது இன்னும் என் போனில் இருக்கிறது.

இராகுலனுக்கு மட்டும் ஒழுங்கு பிடிபடவில்லை.

இறந்தவனைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். திரியாயில் இருந்து வந்து எங்கள் சந்துக்கு அடுத்த ஒழுங்கையில் மனைவி சுலக்ஷனாவோடு வாடகைக்கு இருந்தவன். சின்ன பைபர் வள்ளத்தில் தனியாகக் கணவாய் மீன் பிடிக்கப் போவான். அவன் குரல்பதிவைத் திறந்தால் முதலில் வாய்தான் கேட்கும். சோறு, எலும்பு, நக்குகிற சத்தம். பிறகு ஒரு ஏப்பம். அதற்குப் பிறகுதான் கதை. ஒருமுறை பின்னால் யாரோ குழந்தையின் மூக்கைச் சீறி விட்டார்கள். நான் போனை டெட்டோல் துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி தொட்டேன். மூன்று முறை துடைத்தும் அந்த ஈரம் காதில் இருந்தது.

கடைசியாகச் சொன்ன நெடுங்கதை உங்களுக்கு நினைவிருக்கும். தூரத்தில் இருந்து வந்த ஒரு கூப்பிடு குரலைக் கேட்டு, வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் திரும்புவதா இல்லையா என்ற கதை. எட்டு மாதம் அதில் இருந்தேன். கப்பல் திரும்பாமல் பூமிக்கு வந்து சேரும், வந்த இடத்தில் எவரும் அவர்களோடு பேசமாட்டார்கள் என்பதுதான் நான் வைத்திருந்த முடிவு. மூன்றாம் பகுதி போன அன்று இராகுலன் எல்லோர் முன்னாலும் குரல் விட்டான்.

"அன்ரி, உங்கட கப்பல் கடைசியில பூமிக்குத்தான் வரும். வேற எங்க போறது? பெற்றோல் அடிக்கவேணுமே. வந்து இறங்க ஒரு சனமும் கதைக்காது, அதுதானே? நாடகத்தில மாமியார் கதைக்காம இருக்கிற மாதிரி."

நடுவில் எதையோ கடித்தான். முறுக்கு என்று நினைக்கிறேன்.

நூற்றுக்கணக்கில் சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. உங்களில் பலர் போட்டீர்கள். எனக்கு உங்கள் மீது கோபம் இல்லை, பிள்ளைகள் சிரிப்பீர்கள்தானே. முனீப் மட்டும், "டேய், அன்ரியைக் கடைசி மட்டும் சொல்ல விடடா, வாயை மூடிக்கொண்டு கிட" என்று அவனை ஏசினார். முனீப் மூதூர்ப் பக்கத்து வள்ளக்காரர், வயதில் பெரியவர், இராகுலன் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட, அவனைத் தம்பி போல வைத்திருந்தவர். அதற்கு அந்தப் பிள்ளை என்ன சொன்னான்? "நானா, நான் வாயை மூடினா மூச்சு விடுறது எதால?"

நான் முடிவை மாற்றினேன். கப்பலைத் திருப்பினேன். கூப்பிட்டவர்களைத் தேடிப் போய், ஒவ்வொருவராக ஏற்றிக்கொள்ளும் காட்சியை எழுதினேன். என் ஆயுளில் நான் சொன்னதில் அதுதான் உயர்ந்தது. அதை எந்த வாயும் முன்கூட்டிக் கடித்துத் துப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை வாடைக்காற்று பலமாக இருந்தது. பின்னேரம் நான் கடைசிப் பகுதியைத் துண்டு துண்டாகப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். கப்பல் திரும்பத் தொடங்கிவிட்டது. அடுத்த துண்டுதான் மீட்பு. யன்னலைப் பூட்டி, மின்விசிறியை நிறுத்தி, தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போது இராகுலனின் குரல்பதிவு நடுவில் வந்து விழுந்தது.

"அன்ரி, எஞ்சின் நிண்டிட்டுது. வெளிச்சவீட்டுக்கு வெளிய நிக்கிறன். தண்ணி ஏறுது. போன் கோல் போகுதில்ல, இதுதான் போகுது. முனீப் நானா கடலில நிப்பார், அவருக்குச் சொல்லுங்கோ. ஆராவது சொல்லுங்கோ."

நான் அதை அழித்தேன். குழுவின் பொறுப்பாளருக்கு மற்றவருடைய செய்தியையும் எல்லோருக்கும் இல்லாமல் செய்கிற வசதி இருக்கிறது. போன் தன் வழக்கப்படி கேட்டது. நான் ஓம் என்றேன். பிறகு நீங்கள் எல்லோரும் பார்த்த அந்த வரியை எழுதினேன்: கதை நடக்கும்போது குறுக்கே பேசுவது அநாகரிகம், விளையாட்டு கதை முடிந்த பிறகு.

கட்டைவிரல்கள் மேலே மேலே வந்தன. சிலர் கைகூப்பினீர்கள். பஸ்மியா, நீர், "சரியாச் சொன்னீங்க அன்ரி, இவருக்கு ஒரே சேட்டை" என்று எழுதினீர்.

முனீப் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "அன்ரி, எஞ்சின் நிண்டிட்டெண்டு தொடங்கேக்க சிரிச்சுப்போட்டன். முழுக்கக் கேக்க முதல் அழிஞ்சிட்டுது. குரல் ஒரு மாதிரிக் கிடந்தது. விளையாட்டுத்தானே? நான் வெளிச்சவீட்டு முனைக்குக் கிட்டத்தான் நிக்கிறன், வேணுமெண்டா ஒரு வட்டம் போய்ப் பாக்கலாம்."

விளையாட்டுத்தான் தம்பி, கதையைக் கேளுங்கள் என்று பதில் போட்டேன். பிறகு மீட்புக் காட்சியைப் பேசினேன். உங்களில் பலர் அழுததாகச் சொன்னீர்கள்.

வள்ளம் சம்பூர்ப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. பிறகு அவனும் ஒதுங்கினான். நான் செத்தவீட்டுக்குப் போனேன். ஒரு பொடியன் பெட்டிக்கு மேலே போனை நீட்டி நேரலை போட்டுக்கொண்டு நின்றான். முகத்தை நண்டு தின்றிருந்தது, அதையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினான். சுலக்ஷனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, உங்கட கதையெண்டா அவருக்கு உயிர். சாப்பிட்ட கையும் கழுவாம போனைத் தூக்குவார். அன்ரிக்கு உடன சொல்லவேணுமெண்டு நிப்பார்."

"தெரியும் மகள்" என்றேன். தெரியும்தானே.

இதெல்லாம் நடந்து ஓய்ந்திருக்கும். நீங்கள்தான் ஓயவிடவில்லை. மெழுகுதிரிப் படம், அழுகிற புறாப் படம், சிறகு முளைத்த வள்ளத்துப் படம். நான் எத்தனை ஒழுங்கு வைத்திருந்தேன். போன கிழமை முனீப் குரல் விட்டார். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். தான் சிரித்ததால்தான் பொடியன் போய்விட்டான் என்றார். வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டாராம், இனிக் கடலுக்குப் போகமாட்டாராம். கடைசியில் சொன்னார்: "மலரன்ரியை ஒருத்தரும் ஏசாதேங்கோ. அவவுக்கு என்ன தெரியும், வயசு போன மனிசி. அவவும் விளையாட்டெண்டுதான் நினைச்சவ, பாவம்."

அதற்குக் கீழே வரிசையாக நீங்கள் எழுதினீர்கள். பாவம். பாவம் அன்ரி. அவவுக்கு எப்பிடித் தெரியும்.

கண்ணுகளே, நான் உங்களுக்காகக் குரல் பழகியவள். மூச்சு எங்கே நிற்கவேண்டும், எந்தச் சொல்லில் நடுக்கம் வரவேண்டும் என்று சுவரைப் பார்த்துப் பேசிப் பேசிப் படித்தவள். நடிக்கிற குரலையும் நடிக்காத குரலையும் பிரித்தறியாத மனிசி என்று என்னை எண்ணிவிட்டீர்கள். நீங்கள் காட்டிய இரக்கம் எனக்கு அந்த ஏப்பத்தைவிட அருவருப்பாக இருந்தது. முனீப் தன்னுடையதல்லாத பழியைத் தூக்கிக்கொண்டு திரிவதும் முறையில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பதிவை அழிப்பதற்கு முன் நான் இரண்டு தரம் கேட்டேன். அபயக்குரல் விளையாட்டில் இராகுலன் ஒருநாளும் என்னை அன்ரி என்றதில்லை, தலைமை நிலையம் என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அன்ரி என்றான். வள்ளத்தின் வயிற்றில் தண்ணீர் மோதுகிற சத்தம் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருந்தது. வாயில் எதுவும் இல்லை. எனக்கு அவன் அனுப்பியதிலேயே சுத்தமான குரல் அதுதான். முதல் சொல்லிலேயே எனக்குத் தெரியும். முனீப்புக்குப் பதில் போட்டபோதும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. முனீப்புக்கு எழுதி முடித்துக் குழுவுக்குத் திரும்பியபோது, திரையின் மேற்பக்கத்தில் ஒரு சின்ன வரி தெரிந்தது. இராகுலன் குரல் பதிவு செய்கிறார் என்று. அது நின்றது, மறைந்தது, மறுபடி வந்தது. என் மீட்புக் காட்சி தயாராக இருந்தது. அவன் பேசி முடிக்கும் முன் நான் அவனைக் குழுவில் இருந்து நீக்கினேன். அதற்குப் பிறகு வரி வரவில்லை. அப்படி ஓர் அமைதி. வெளியில் சத்தம் இல்லை என்று நான் படித்தது சரிதான்.

இதைப் பொலிசுக்கும் அனுப்புவேன், எழுத்துப்பிழை பார்த்துவிட்டு. நேற்றுச் சுலக்ஷனா புதிதாக ஒரு போன் வாங்கியிருக்கிறாள், அவளையும் குழுவில் சேர்த்து முறைப்படி வரவேற்றேன். வாசிக்கிறாய்தானே மகள்.

இனி இங்கே பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் எழுதவோ பேசவோ ஏலாதபடி செய்துவிட்டேன். கோபத்தில் நீங்கள் ஏதாவது சொல்லிப்போட்டு, பிறகு அதை நினைத்து வருந்தக்கூடாது என்ற அன்பினால்தான்.