மூன்றாம் கதவின் உதிரிச் சாவி

என் பெயர் எர்மெஸ் பான்தி. வயது ஐம்பத்து மூன்று. தகப்பனார் பெயர் லேயார்கோ, காலமாகிவிட்டார். பொலோனியா நகரை அடுத்த கஸ்தெனாஸோவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன், பள்ளிக்கூடத்தாரும் தடுக்கவில்லை. பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் தானியங்கி மெஷின்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடமாக ஃபிட்டராக இருக்கிறேன். இன்று 2019 மார்ச் 27, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, அதிகாரி எழுதிக்கொள்ளச் சொல்வதாவது:

இம்மாதம் 12ஆம் தேதி மோதெனா பக்கத்தில் உள்ள ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், எங்கள் கம்பெனி செய்த மெஷினில் கை அகப்பட்டு, அதை ஓட்டும் குவாபேனா ஒஃபோரி என்பவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் நடுக்கணுவரை போய்விட்டன. அந்த மெஷினை வரைந்தவர் எங்கள் இன்ஜினியர் மிலேனா தொஸ்கி. அவர் கதவை வரைந்த விதம் தவறு, அதனால்தான் ஒஃபோரி கதவைத் திறந்து வைத்து ஓட்ட நேர்ந்தது என்று அவர் மேல் வழக்கு வரப்போவதாக அறிந்தேன். அது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்தேன்.

மேற்படி மெஷின் பிஸ்கட் பொட்டலங்களை அட்டைப்பெட்டிக்குள் தள்ளி, பெட்டியின் மடல்களை மடித்து ஒட்டும். நிமிடத்துக்கு நூற்றிருபது பெட்டி. சுற்றிலும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் நாக்கு மாதிரி ஒரு சாவி இருக்கும். கதவைச் சாத்தி அது பூட்டுக்குள் போனால்தான் மெஷின் ஓடும், திறந்தால் நின்றுவிடும். மடல் மடியும் இடம் மூன்றாம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கதவின் குறுக்கே, சரியாக மடல் மடியும் உயரத்தில், ஒரு இரும்புச் சட்டம் வருகிறது. கதவு சாத்தியிருக்கும்போது மடல் நேராக மடிகிறதா கோணலாக மடிகிறதா என்று பார்க்க முடியாது.

என்னிடம் ஒரு உதிரிச் சாவி உண்டு. எங்கள் பட்டறையில் எல்லா ஃபிட்டர்களிடமும் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்வோம். அதைப் பூட்டில் செருகிவிட்டால், கதவு திறந்திருக்கும்போதே மெஷின் ஓடும். கூடாது என்று தெரிந்தேதான் செய்கிறோம். நான் அந்த வகை மெஷின் ஐந்து கோத்திருக்கிறேன். ஐந்திலும் மடலைத் திருத்தியது அந்தச் சாவியைப் போட்டுத்தான். எல்லாம் சரியான பிறகு கதவைச் சாத்தி, வாங்க வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டி, கூட உட்கார்ந்து தோர்த்தெல்லினி சாப்பிட்டு அனுப்பிவைத்தோம்.

கோக்கும்போது ஏதாவது இடித்தாலோ தட்டினாலோ டிராயிங்கில் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த டிராயிங்குகள் மேலே டிசைன் பிரிவுக்குப் போகும், அவர்கள் திருத்துவார்கள். இன்ஜினியர் தொஸ்கியின் டிராயிங்குகளில் நான் ஆசையாகவே வட்டம் போடுவேன். ஒருமுறை ஒரு போல்ட்டைச் சுற்றி வட்டம் போட்டு, இதை முடுக்க எனக்கு மூன்றாவது கை வரைந்து தரவும் என்று எழுதினேன். அடுத்த வாரம் போல்ட்டை இடம் மாற்றி, பக்கத்தில் ஒரு கையும் வரைந்து அனுப்பியிருந்தார். ஆனால் மூன்றாம் கதவில் நான் வட்டம் போடவில்லை. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருநாளும் மடலைப் பார்த்ததில்லை. ஆகையால் அந்தச் சட்டம் என்னை மறைத்ததும் இல்லை.

அதன் பிறகு சென்ற அக்டோபரில் ஐந்தாவது மெஷினைப் பிஸ்கட் தொழிற்சாலையில் நிறுத்தப் போனேன். அங்கே ஒஃபோரிக்கு நான்கு நாள் பழக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவர் கதவுக்கு முன்னால் குந்திப் பார்த்து, எழுந்து பார்த்து, "மேஸ்திரி, கண்ணாடியையும் போட்டு நடுவுல இரும்பையும் வெச்சிருக்காங்களே, உங்க இன்ஜினியரம்மா வீட்டுல டிவிக்கு முன்னாடியும் இப்படித்தான் வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதன் பிறகு என் உதிரிச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இத வெச்சுக்க. யாருகிட்டயும் காட்டாத, எங்கிட்ட திருப்பியும் குடுக்காத" என்றேன். அதன் பிறகு பட்டறைக்குத் திரும்பி, டிவி வேடிக்கையைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியர் தொஸ்கி அன்று அங்கே இல்லை. டிராயிங் என் மேசையில்தான் இருந்தது, பென்சிலும் இருந்தது.

அதன் பிறகு விபத்து நடந்தது. மூன்றாம் நாள் ஒஃபோரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாவி எப்படி வந்தது என்று விசாரிக்க வந்தவர்களிடம் கீழே கிடந்ததை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். "உன் பேரை நான் இழுக்கல, மேஸ்திரி. உனக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தன வருஷம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அவருக்குச் சாப்பாடு வந்தது. இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். நான் ஊட்டட்டுமா என்றதற்கு, "நீ ஊட்டினா மூக்குல ஊத்துவ" என்றார். அன்று நான் இங்கே வராமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு நேற்று, 26ஆம் தேதி மதியம், இன்ஜினியர் தொஸ்கி பட்டறைக்கு இறங்கி வந்தார். மூன்றாம் கதவின் அளவுக்கு அட்டை வெட்டி, சட்டத்தையும் ஒட்டி, கையில் கொண்டுவந்தார். முழங்காலில் தூசி இருந்தது. "எர்மெஸ், அஞ்சையும் நீங்கதான கோத்தீங்க? ஒரு வட்டம்கூட இல்லையே" என்றார். "உங்க டிராயிங்ல குத்தம் சொல்ல முடியுமா, இன்ஜினியரம்மா" என்றேன். எப்போதும் திருப்பி ஒன்று கொடுப்பார். நேற்று கொடுக்கவில்லை. "இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். இது மறைக்குதுல்ல? அப்ப மடலை எப்படிப் பாத்துத் திருத்தினீங்க? சொன்னா, அடுத்த தடவ நான் சரியா வரைவேன்" என்றார். என்மேல் சந்தேகப்பட்டு அவர் கேட்கவில்லை. தான் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அட்டைக் கதவை என் மேசைமேல் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்.

இதே வகை மெஷின்கள் இன்னும் நான்கு வெளியே ஓடுகின்றன. அவற்றில் இரண்டு இடங்களிலும் ஆட்கள் கேட்டபோது எதற்கென்று விசாரிக்காமல் நான் சாவி கொடுத்திருக்கிறேன். அவர்களின் பெயரையும் தொழிற்சாலை விலாசத்தையும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். இன்றைக்கே போன் செய்து அந்தச் சாவிகளை வாங்கிவிடும்படி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். இந்த வாக்குமூலம் எனக்கு எதிராகவே பயன்படலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். இன்ஜினியர் தொஸ்கி மேல் தப்பில்லை என்று எழுதுங்கள் என்று கேட்டதற்கு, அதைத் தீர்மானிக்கிற இடம் இது இல்லை, கண்டதையும் செய்ததையும் மட்டும் சொல்லலாம் என்றார்.

ஆகவே செய்ததைச் சொல்கிறேன். கதவு மறைக்கிறது என்று இன்ஜினியர் தொஸ்கிக்குத் தெரியாது. எனக்குச் சென்ற அக்டோபரிலிருந்து தெரியும். அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் நான் அதைச் சொன்னேன்.

எழுதியதை அதிகாரி முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை, யாருடைய தூண்டுதலும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எர்மெஸ் பான்தி