லண்டனில் முகர்ந்த பட்டை

"டிக்கட் எடுத்துப் போயி மிளகு பாத்துட்டு வந்தேன் தம்பி."

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்தவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நாலந்தாப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்கு மிளகு, பட்டைத் தோட்டம் சுற்றிக் காட்டி, மூலிகை எண்ணெய் விற்கிறவராம். லண்டனில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவரும் அதே கார்டன் சட்டைதான் போட்டிருந்தார்.

"மிளகு பாக்க லண்டனுக்கா அண்ணே?"

"அங்க எல்லாத்துக்கும் மியூசியம். விசிறிக்கு ஒன்னு, தையல் மெசினுக்கு ஒன்னு. அப்பாவுக்குப் பிடிக்கும்னு மகதான் வாசனைச் சாமான் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஒரு வெள்ளைக்காரப் புள்ள பட்டையை உடைச்சு மூக்குகிட்ட நீட்டி, இது என்னான்னு கேட்டுச்சு."

"சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? நம்ம தோட்டத்துக்கு வர்றவங்க தெரியாதுன்னு சொன்னாத்தானே நமக்கு மேல பேச வரும். பாவம், தெரியாதுன்னுட்டேன்."

"பொறகு?"

"முழங்கால் வலிக்குன்னு எண்ணெய் தேய்ச்சு விட்டுச்சு. வெளிய வர்ற வழி கடைக்குள்ளாலதான்."

"வாங்கலைதானே அண்ணே?"

அவர் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார்.

"நாம விடுற அதே கதைதான் தம்பி. ஆனா அந்தப் புள்ள சொல்றப்ப வலி கொறைஞ்சிருச்சு."