மெதுவாகத் தள்ளிய மண்

புல் அறுக்கிற வாரத்தில் மழையும் வரக்கூடாது, போலீசும் வரக்கூடாது. இந்த வருஷம் மழை வரவில்லை.

உங்கள் ஆட்கள் என் மாட்டுக்கொட்டகையைத் தோண்டினார்கள். நிலவறையில் பாலாடைக்கட்டிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சாணக்குவியலையும் விடவில்லை, அதைக் கிளறிவிட ஆளில்லாமல் இருந்தேன், நன்றி. இப்போது புல்வெளி முழுவதையும் தோண்டப் போகிறீர்களாம். அதனால்தான் வாயைத் திறக்கிறேன் ஐயா.

பேராசிரியர் லூத்தி சூரிச்சிலிருந்து வந்தவர். என் புல்வெளியில் நாலு கோடை தோண்டினார். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் இருந்தவர்கள் மாடு வளர்த்தார்கள், பார்லி தின்றார்கள் என்று கண்டுபிடித்தார். என் கதவைத் தட்டியிருந்தால் மாட்டையும் பார்லியையும் அன்றைக்கே காட்டியிருப்பேன்.

"தூரி பெரியவரே, உங்க புல்லுக்கு அடியில ஒரு ஊரே இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். எந்திரிச்சு வந்து புல்லு அறுக்குமா?"

சிரித்தார். போன இலையுதிர்காலத்திலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: புல்வெளியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப் போகிறாராம். மாடு ஏறக்கூடாது, எரு போடக்கூடாது. குளிர்காலம் முழுக்க என் மாடுகள் தின்பது அந்தப் புல்லைத்தான்.

"மாட்டை என்ன பண்ண?"

"வித்துடுங்க பெரியவரே. வயசாச்சில்ல, கொஞ்சம் ஓய்வெடுங்க."

நல்ல மனசு.

தோண்டலின் கடைசி நாள் அவருடைய மாணவர்களெல்லாம் விருந்துக்குக் கீழே விடுதிக்குப் போய்விட்டார்கள். குழியை மூட என் டிராக்டரைக் கேட்டிருந்தார். அவர் மட்டும் உள்ளே இறங்கி, பழைய சுவர்மேல் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாத் தள்ளுங்க. கீழ இருக்கறது ரொம்பப் பழசு."

மெதுவாகத்தான் தள்ளினேன். மண் இடுப்பளவு வந்தது.

"என்னையும் சேத்துப் பொதச்சிருவீங்க போலிருக்கே."

இரண்டாவது முறை தள்ளியபோது அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை பேசவும் இல்லை.

ஒருமுறை தோண்டிய மண் எத்தனை காலமானாலும் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லித்தந்தவர் அவர்தான். ஆகவே நான் புதுக்குழி எதுவும் வெட்டவில்லை. நீங்கள் பாவம், பனிப்பிளவுகளில் கயிறு கட்டி இறங்கித் தேடினீர்கள்.

பெரிய பாறைக்குக் கீழ்ப்பக்கம், வேலியோரம். அங்கே மட்டும் வெட்டுங்கள். புல்லை வேரோடு பாளம் பாளமாகப் பெயர்த்து நிழலில் வையுங்கள், தண்ணீர் தெளியுங்கள். மூடும்போது திரும்பப் பதித்துவிடுங்கள்.

புல்லுக்கும் உயிர் இருக்கிறது ஐயா.