வார்த்தை மாறாமல்

எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வராது, டீச்சர். என் அக்காவுக்கு ரசம் வராது. எனக்குச் சந்தோஷமான முடிவு எழுத வராது. எழுதிப் பார்த்திருக்கிறேன், அசடு வழியும். நீங்கள் அந்த ஃபேனுக்கு நேர்கீழே உட்காருங்கள். மயிலாப்பூரில் இந்த மாதம் வேறு எங்கே உட்கார்ந்தாலும் வேர்க்கும்.

மடியில் வைத்திருக்கும் புத்தகத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கீழே கேட்டருகே நிற்பவர் சுப்புராயன் என்பதும் தெரியும். கூப்பிட்டாலும் வரமாட்டார். மாலையில் மனைவியை வண்டியில் அழைத்துப் போக வருவார், கேட்டோடு சரி. அப்படியே நிற்கட்டும், நிழல் இருக்கிறது.

நான் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். எல்லாம் சமூகப் பிரச்சினைகள். குழந்தைத் திருமணம் எழுதியாயிற்று, கஞ்சா எழுதியாயிற்று. மாதவிடாயைப் பற்றி எழுதினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், அதனாலேயே பிய்த்துக்கொண்டு போயிற்று. நூலகங்களில் பிரச்சினைக்கு ஒன்று என்று வாங்குகிறார்கள், தலைவலிக்கு ஒரு மாத்திரை, வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரை என்கிற மாதிரி. எல்லாப் புத்தகத்தின் பின்னட்டையிலும் என் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ‘நடக்காத எதையும் நான் எழுதுவதில்லை. வைதேகி.’ ஜம்பத்துக்குப் போட்டதில்லை. என் சுபாவமே அது.

வீட்டை இடித்து ஊர்க்கோடிக்கு அனுப்பியதால் படிப்பை விடுகிற ஒரு பெண். இதுதான் அடுத்த நாவல் என்று முடிவு செய்தபோது, நான் எங்கேயும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சுப்பம்மாவின் குடும்பத்தைக் கால்வாய்க்கரையிலிருந்து கிளப்பிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மகள் தமிழ்மொழி உங்கள் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ. கடைசி வருடம் பள்ளி மாற வேண்டாம் என்று அம்மாவும் பெண்ணும் இருட்டோடு பஸ் பிடித்து வருவார்கள். அம்மா உள்ளே தேய்ப்பாள். பெண் மணியடிக்கும் நேரம் வரை என் மாடிப்படியில் உட்கார்ந்து இயற்பியல் படிப்பாள்.

சுப்பம்மாவின் போன் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக்கிடக்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். இதில் புதுசாக ஒன்றுமில்லை, இந்தத் தெருவில் வேலை செய்கிற பாதிப் பேர் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். தாராளமாகக் கொடு என்றேன்.

நாவலும் மளமளவென்று வந்தது. பஸ் நெரிசல், லிஃப்ட் ஓடாத எட்டாவது மாடி, எல்லாம் தமிழ்மொழி வாயால் கேட்டது. ஒரே ஒரு சிக்கல், அவள் படிப்பை விடவில்லை. தி.நகரில் என் பதிப்பாளர் புகழேந்தி முக்கால்வாசியைப் படித்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“பொண்ணு பாஸாயிட்டா இது நாவல் இல்ல மேடம், பாராட்டு விழா. பிளக்ஸ் வேணா அடிக்கலாம்.”

சரிதானே. மறுநாள் காலை நான் அவளிடமே கேட்டேன், இவ்வளவு கஷ்டப்படுவதற்கு விட்டுவிட்டால் என்ன என்று. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

“இன்னாக்கா நீ. இப்ப வுட்டா அவ்ளோதான், கதை முடிஞ்சிது. நான் நர்சு ஆவணும்க்கா.”

என் வயதுக்கு அக்கா என்பது பெரிய மரியாதை. ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். என்னுடைய கடைசி அத்தியாயம் என் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு மார்க் வாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவளுக்கு டெங்கு வந்தது. நான் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். எட்டு மாடி ஏறினேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது. உதடு எப்படி வெடித்திருந்தது என்பதையும் பார்த்துக்கொண்டேன், அவள் அம்மாவுக்கு ஆறுதலும் சொன்னேன். இரண்டையும் மனசாரத்தான் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“தமிழ்மொழி அம்மாவாம்மா? ஸ்வர்ணலதா டீச்சர் பேசறேன். வருகை குறையுதுன்னு பேரை எடுக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மீதிய நான் பாத்துக்கறேன். நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. கால்ல வேணா விழறேன், கெடுத்துடாதீங்க.”

என்ன வசனம், டீச்சர். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. கால்ல வேணா விழறேன் என்பதெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் வராது.

நான் ஆமாம் என்றேன். அம்மாதான் என்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஒருவர் பேசுவதைப் பத்து நாள் கேட்டால் அப்படியே பேசிவிடுவேன். சுப்பம்மாவைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“அது இனிமே வராது டீச்சர். நிறுத்தியாச்சு. துணிக்கடையில வேலைக்குப் போய்க்கினு கீது.”

நீங்கள் மூக்கை உறிஞ்சினீர்கள். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. போனை வைத்த கையோடு உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். கீரை வாடிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை.

காய்ச்சல் விட்டு அவள் பள்ளிக்கூடம் போனபோது உங்களுக்கு மாற்றலாகியிருந்தது. பெயரை எடுத்தாயிற்று, வீட்டிலிருந்தே நிறுத்தச் சொல்லிவிட்டார்களே என்றதாம் ஆபீஸ். அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தாள். போன் வந்ததா அக்கா என்றாள். வந்தது, கேட்டில் நின்றிருந்த உன் வீட்டு ஆளிடம் போனைக் கொடுத்தேன், யாரென்று என்னைக் கேட்காதே என்றேன். பெயர் சொல்லி ஒருவரைக் காட்டிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

நாவலில் போனை எடுப்பது அப்பா. அம்மாவாக இருந்தால் வாசகர்களுக்குத் தாங்காது என்று புகழேந்தி சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புத்தகம் வந்ததும் முதல் பிரதியைத் தமிழ்மொழிக்குத்தான் கொடுத்தேன். படியில் உட்கார்ந்தே படித்து முடித்தாள். பின்னட்டையைத் திருப்பி என் வரியையும் படித்தாள்.

“எங்கப்பனாக்கா பேசுச்சு?”

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பொய்யும் சொல்லவில்லை.

அந்த வாரமே வீட்டை விட்டுப் போய் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். கடை ஹாஸ்டலிலேயே தங்கல். பாருங்கள், நான் போனில் சொன்னதும் உண்மையாகிவிட்டது. அவள் அப்பா சுப்புராயன் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை முடிந்ததும் கிரீஸ் கையோடு அந்தக் கடை வாசலுக்குப் போய் நிற்கிறாராம். அவரைக் கண்டால் அவள் உள்ளே போய்விடுகிறாளாம். மகளின் படிப்பைத் தொட்ட கை விளங்காது என்று தன் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தாராம். சுப்பம்மா சொல்லி அழுதாள். அவளுக்கு ஒரு காபி கலந்து கொடுத்தேன். என்ன செய்ய, அச்சாகிவிட்டதே.

நீங்கள் இந்தப் புத்தகத்தைப் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. படித்தாலும், ஒரு போன் பேச்சு இத்தனை நாள் நினைவிருக்கும் என்று நினைக்கவில்லை. உங்களிடம் பேசியது பெண்குரல். இதில் பேசுவது அப்பா. நேராகச் சுப்பம்மாவைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறீர்கள், அவளுக்கு உங்கள் குரலே புதிது. அப்புறம் எந்த நம்பர் என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் வசனத்தில் நாலு வார்த்தையை மாற்றியிருந்தால் இன்று நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். எனக்கு மனசு வரவில்லை. கிடைத்ததைக் கெடுக்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். பேசியது நான். அவள் பெயரை எடுக்க வைத்ததும் நான், பழியை அப்பன் தலையில் போட்டதும் நான். கீழே போய் அவரிடம் சொல்லுங்கள். அவரை அழைத்துக்கொண்டு தி.நகர் போய் அவளிடமும் சொல்லுங்கள், தனித்தேர்வராகவாவது எழுதட்டும். நான் தடுக்க மாட்டேன், எனக்கென்ன விரோதமா.

ஒரே ஒரு உதவி. அப்பாவைப் பார்த்ததும் அவள் முதலில் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் கவனமாகக் கேட்டு, வார்த்தை மாறாமல் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நம்பர்தான் உங்களிடம் இருக்கிறதே.