ஆறாங்கட்டை மேட்டுக்கு எந்தப் புல்லி

குளுவாங் ரயிலில் எனக்கு எதிரே ஒரு எஸ்டேட் லாரி டிரைவரும் அதே எஸ்டேட்டில் வண்டி பழுதுபார்க்கும் பிட்டரும், பெல்ட் மாட்டும் இரும்புப் புல்லியை ஆளுக்கொன்றாக மடியில் வைத்திருந்தார்கள்; டிரைவரிடம் சின்னது, பிட்டரிடம் பெரிசு. துரையின் உடைந்த பந்தயக் காரில் இஞ்சினுக்குக் காற்று ஊதிய ‘ஊதி’ என்ற கருவியை லாரியில் மாட்டியிருக்கிறார்களாம். அதற்குத்தான் புல்லி.

“சின்னதையே போடு தம்பி. அந்த ஊதி வேகமா சுத்தும், காத்து கூடும். லாரி ஆறாங்கட்டை மேட்டுல நிக்காம ஏறிடும்” என்றார் டிரைவர்.

“வேணாண்ணே. இஞ்சின் சூடாகிடும் லா. பெரிசே போதும்.”

“போன மாசம் நீதானே சின்னது வேணும்னு குதிச்சே?”

“அது போன மாசம்.”

“லாரி ஏறலேன்னா சந்தைக்குப் போற சனம் பூரா இறங்கி நடக்கணுமே!”

“நடக்கட்டுமே. உடம்புக்கு நல்லது.”

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அஞ்சலையும் இறங்கித்தானே நடக்குது?”

பிட்டர் தன் புல்லியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.

“அலமாக்! அதான் மேடு வர்றதுக்கு முந்தியே நீயும் குதிச்சிடுறியா?”

டிரைவர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் சின்னப் புல்லியைச் சாக்குப்பையில் போட்டார்.

“சரி, பெரிசையே மாட்டு. கல்யாணம் ஆனதும் மாத்திக்கலாம்.”

“ஆனதும் இல்லண்ணே, கல்யாணத்துக்கு முதல் நாளே மாத்திடணும். கோயில் இருக்கிறது அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேணாமா?”