கல்முனை பஸ்ஸில் தண்ணி முறை

ஹலோ... ஹலோ சேர், நான் பிரஷாந்தி, நீர்ப்பாசன ஒபிஸில இருந்து... ஓம், ஓம், பஸ் சத்தம் கேட்குது. ஒரு விசயம். அந்தக் கறுப்பு டிஸ்க் உங்கட்டயா இரிக்கு?...

ஓம் சேர், இண்டைக்கு வெள்ளிக்கிழமைதான்... ஓம், வெள்ளம் வந்தாலும் அழியாம கிழமைக் கடைசியில டிஸ்க் உங்கட வீட்ட இரிக்கணும். நீங்க போட்ட சட்டம்தான்... இல்ல, உங்களில பிழை சொல்லல்ல.

பிழை என்னில.

கொம்பியூட்டர்ல இடம் முடிஞ்சிட்டு. அதால காலையில தண்ணி முறை டேபிளெல்லாத்தையும் அந்த டிஸ்க்குக்கு மாத்தினன்... கொப்பி இல்ல சேர். கொப்பி எண்டா இஞ்சயும் இரிக்கும். இது மாத்தினது. இஞ்ச இப்ப பைல் பேர் மட்டும்தான் கிடக்கு...

பழைய பேக்கப்பா? இரிக்கு... அதே டிஸ்க்ல...

ஹலோ? ஹலோ சேர்?... ஓ, லைன் இரிக்கு. போனைக் கீழ போட்டுட்டீங்களா?

நான் சாப்பிடப் போன நேரம் கழட்டியிரிக்கிறீங்க... ஓம், சொல்லியிரிக்கணும். சொல்லுவம் எண்டு உங்கட கதவடிக்கு வந்தன். நீங்க போன்ல கதைச்சிட்டு இருந்தீங்க. திரும்பிப் போயிட்டன்...

திங்கக்கிழமையா? ஏலாது சேர். வட்டை விதானை கனகசிங்கம் அண்ணன் வயல்காரருக்காக வந்து முன்னால நிக்கார். அவங்கட வட்டைக்கு நாளைக்குத் தண்ணி. இஞ்சயிருந்து முறைத் துண்டு போனாத்தான் உன்னிச்சைக் குளத்தில துறப்பாங்க. இல்லாட்டி முறை மேல் வட்டைக்குப் போயிரும்... ஓம், வெள்ளாமை குடலையில நிக்குது, கதிர் வெளிய வாற நேரம். இப்ப தண்ணி தப்பினா பதர்தான்...

அவரா? துண்டு வாங்காமப் போகமாட்டாராம். என்னையே பார்த்துக்கொண்டு நிக்கார்.

கையால எழுதவா?... போன போகம் நீங்க கையால எழுதித்தான் ரெண்டு வட்டைக்கு ஒரே நாள் தண்ணி... ஓம் சேர், மண்வெட்டியோட வந்தாங்களே. ஒபிஸ் கதவில அடையாளம் இன்னும் இரிக்கு...

இப்ப எவடத்த போறீங்க?... குருக்கள்மடமா? இறங்குங்க.

சேர், இறங்குங்க எண்டு சொல்லுறன்.

...மன்னிக்கணும். சத்தமாச் சொல்லிட்டன்... சட்டம் சரி சேர். வெள்ளம் மறுகா வரட்டும். முதல் தண்ணி வரட்டும்...

ஓம், பெல்லை அடிங்க. பேக்கை எடுங்க... என்ன பைக்குள்ள?... றாலா? ஐஸோடயா?... டிஸ்க் மேலயா, அடியிலயா?... பொலித்தீன்ல சுத்தினதா? நல்லாச் சுத்தினதா?... அப்ப சரி. அப்பிடியும் துடைங்க. லேஞ்சி இல்லாட்டி சட்டையால துடைங்க...

இறங்கிட்டீங்களா?... டிஸ்க் கையிலயா?... ஓம்... திரும்பி வர பஸ் இல்லையா? கொஞ்சம் இருங்க, அண்ணன் என்னவோ கேட்கார்...

சேர், அவரே மோட்டார்சைக்கிள்ல வாறாராம். றோட்டுக் கரையில, அவர் காணத்தக்கதா நில்லுங்க... ஓம், நான் ஒபிஸைப் பூட்டாம இரிக்கன். டிஸ்க் வந்த உடனே துண்டை அடிச்சிருவன்...

உங்களையும் ஏத்தவா?... கேட்டுப் பார்க்கன்...

இல்லையாம் சேர். டிஸ்க்கை மட்டும்தானாம்... கோபம் இல்லையாம். பின்னுக்கு யூரியா மூட்டை கட்டியிரிக்காம்... இறக்கவா? இறக்கிற மாதிரித் தெரியல்ல சேர். வாசல்ல நிண்டு கயித்த இன்னும் இறுக்குறார்...

ஓம்... ஓம்... றாலை நீங்களே வெச்சிருங்க. அவர் வெளிக்கிட்டுட்டார். நான் வைக்கன் சேர்.