மீன்கொத்தி லேபிள், இரண்டாம் பக்கம்

இசைத்தட்டை மாற்றித் தருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. உள்ளே இன்னும் ஒரு பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. புதிதாக ஒன்றை எடுத்து, இங்கேயே ஓடவிட்டுக் காட்டித் தருகிறேன். ஆனால் அதிலும் அந்தச் சத்தம் இருக்கும். அதற்கு அடுத்ததிலும் இருக்கும். நீங்கள் நினைப்பதுபோல அது உங்கள் பிரதியில் விழுந்த கீறல் இல்லை. உட்காருங்கள். நாற்காலியில் இருக்கும் உறைகளை இப்படிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு நல்ல காது. முகத்துக்கு நேராகப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் வெளியிட்ட இந்தத் தட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் உறையைப் பிரித்திருக்கவே மாட்டார்கள். அலமாரியில் முதுகு தெரிய வைப்பதோடு அவர்கள் ஆசை தீர்ந்துவிடும். கேட்டவர்களும் ஆகா ஓகோ என்றுதான் எழுதினார்கள். இரண்டாம் பக்கத்தின் ஆரம்பத்தில், வயலின் எழும்பும் இடத்தில், 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் இருப்பதாக என்னிடம் வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். ஒருநாள் யாராவது வருவார்கள் என்று தெரியும். வந்தால் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று ஏனோ வாய் வரவில்லை.

நீங்களும் மீன்கொத்தி லேபிள் பைத்தியம் என்று சொன்னீர்கள். அப்படியானால் பாதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நீல வட்டமும் துளைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பறவையும் கண்ணில் பட்டால், யார் வாசித்தது என்றுகூடப் பார்க்காமல் கை தானாகப் போகும். முதல் அச்சில் பறவையின் அலகு இடப்பக்கம் பார்க்கும். பிறகு வந்ததில் வலப்பக்கம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அக்கா. அவளுக்கு இசையில் பெரிய பிடிப்பெல்லாம் கிடையாது. ஆனால் பழைய சாமான் கடையில் ஒரு கட்டுத் தட்டுகளைத் தூரத்திலிருந்து பார்த்தே, "டேய், உன் குருவி அங்க உக்காந்திருக்கு பாரு" என்று சொல்லிவிடுவாள். எத்தனையோ முறை சொல்லியும் அவளுக்கு அது குருவிதான்.

இந்த வீடு அக்காவுடையது. அத்தான் போன பிறகு, முன்னறையை நீயே எடுத்துக்கொள் என்று எனக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த அறைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டாள். அதோ, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு அறைக்கும் ஒரே மரத்தரை. அங்கே ஒரு அடி வைத்தால் இங்கே பலகை பேசும். அதனால்தான் டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகைமேல் வைத்திருந்தேன். தரையின் அதிர்வு ஊசிக்கு ஏறாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் பழைய தட்டிலிருந்து பதிவு எடுக்கும்போது கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் யாரும் நடக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. அக்கா மகள் இதற்காக என்னோடு பல முறை மல்லுக்கட்டியிருக்கிறாள். "இது வீடா, பரீட்சை ஹாலா மாமா?" என்பாள். அக்கா அப்படியில்லை. துண்டைப் பார்த்ததும் கட்டிலில் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். முடிந்ததும் உள்ளேயிருந்து, "உன் தட்டு நின்னாச்சா? நான் இப்ப தும்மலாமா?" என்று கேட்பாள். ஒரு தடவை நிஜமாகவே தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றாள். அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது அந்தத் தட்டைப் பற்றி. மீன்கொத்திக் கம்பெனி மூடுவதற்குமுன் கடைசியாகப் பதிவு செய்தது இந்த வயலின்தான். வெளிவரவே இல்லை. அச்சுக்குப் போகுமுன் கேட்டுப் பார்ப்பதற்கென்று வெட்டிய ஒரே ஒரு தட்டு மட்டும் தப்பியிருந்தது. அந்த மாதிரித் தட்டின் பூச்சு மிக மென்மையானது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் இசையை உரித்துக்கொண்டு போகும். அதை வைத்திருந்தவரை நாங்கள் பூட்டு என்று சொல்வோம். அலமாரிக்குப் பூட்டு, அறைக்குப் பூட்டு, வாய்க்கும் பூட்டு. வருடக்கணக்கில் அவர் பின்னால் அலைந்தேன். கடைசியில் ஒரு பகல் மட்டும் கொடுக்க ஒத்துக்கொண்டார். "ஒரு ஓட்டம்தான். நடுவுல ஊசியைத் தூக்கி மறுபடி வச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் வாசப்படி மிதிக்காத" என்றார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வாரம் பார்த்துச் சுவர்ப்பலகை ஆட்டம் கண்டிருந்தது. "அந்த ஆணியை இறுக்கித் தொலையேன்டா" என்று அக்கா சொல்லிக்கொண்டேயிருந்தாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். அதனால் அன்று டர்ன்டேபிள் இதோ இந்த மேசைமேல் இருந்தது. மேசை தரைமேல் இருந்தது.

அக்கா எப்படிப் போனாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மாரடைப்பு, விழுந்தாள், விழுந்த கையோடு உயிர் போய்விட்டது, தம்பி ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் பாவம் அவன் காதில் எதுவும் விழவில்லை. அந்தக் கதையை அவர்களுக்குக் கொடுத்தது நான். முதல் தடவை சொன்னபோது அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படி மாமா கேக்கும்? நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். தாயைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன் என்பது பொய் இல்லை. அறைக்குள் கேட்கும் எதுவும் கேட்காது என்பதும் பொய் இல்லை. ஆனால் ஊசிக்குக் கேட்கும். முதல் பக்கம் பாதிகூடத் தாண்டவில்லை. வயலினுக்கு அடியில் பொத்தென்று கனமாக ஒரு சத்தம் வந்தது. தரையில் விழுந்து, மேசைக்கால் வழியாக ஏறி, ஊசிக்குள் புகுந்து, என் காதுக்கு வந்தது. தட்டில் ஏதோ குறை என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 'டக்'.

அத்தானுடைய மோதிரத்தை அக்கா கட்டைவிரலில் போட்டிருந்தாள். அவளுக்குப் பெரிது. எதையாவது யோசித்தால் அதைக் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாத சத்தம் இல்லை. தூசியும் 'டக்' என்றுதான் கேட்கும், உண்மை. ஆனால் தூசி அடுக்கடுக்காகத் தட்டாது. தட்டிவிட்டுக் காத்திருக்காது.

அவள் கத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கத்தியிருந்தால் ஹெட்ஃபோனைத் தாண்டியும் விழுந்திருக்கும் என்று பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கத்துவதற்குத் தெம்பு இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் அவளோடு பிறந்தவன். கதவில் துண்டு தொங்குவது அவளுக்குத் தெரியும். அந்த நிலையிலும் என் வேலை கெடாமல் என்னைக் கூப்பிடப் பார்த்திருக்கிறாள்.

அப்போதும் நான் நிதானம் இழக்கவில்லை. யோசித்தேன். இந்தப் பக்கம் முடிய இன்னும் கொஞ்சம்தான், முடிந்ததும் போய்ப் பார்த்துவிடலாம், ஊசியைத் தூக்கினால் இந்த வயலின் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும், அக்காவுக்கு அடிக்கடி வரும் தலைச்சுற்றலாக இருக்கும். இப்படி ஒவ்வொன்றாக, நியாயமாக யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டல்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டு போனது. அதையும் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில்.

முதல் பக்கம் முடிந்தது. ஊசியைத் தூக்கினேன். வழக்கமாக ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் தட்டைத் திருப்புவேன். அன்று கழற்றவில்லை. கழற்றினால் காதில் விழுந்துவிடும். விழுந்தால் போக வேண்டியிருக்கும். அதை மாட்டியபடியே எழுந்து, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தட்டைத் திருப்பிப் போட்டேன். கை நடுங்கவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்குக் கூசுகிறது.

இரண்டாம் பக்கம் முழுக்க ஓடியது. முடிந்ததும் தட்டை உறையில் போட்டேன். கதவிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள். கட்டைவிரல் தரையில் பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "விழுந்ததும் கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். அக்கா மகள் அப்போதுதான் வேலையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளிடம் இதை நான் சொல்லவில்லை. உடனே போய்விட்டாள் என்று சொன்னேன். அவள் மனம் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பூட்டு சாயங்காலம் வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். நானே தட்டை எடுத்து வந்து கொடுத்தேன்.

பிறகு பதிவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் மறுபதிப்புகளுக்கு ஒரு பெயர் உண்டு, நீங்களே சொன்னீர்கள். இரைச்சலைத் துடைத்து எடுத்துப் பிளாஸ்டிக் மாதிரி ஆக்கிவிட மாட்டோம். தூசி இருந்தால் இருக்கட்டும் என்று விடுவோம். இதிலும் தூசியை அப்படியே விட்டேன். கம்ப்யூட்டர் திரையில் தூசியும் ஒரு மெல்லிய கோடுதான், மோதிரமும் ஒரு மெல்லிய கோடுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் கேட்டுக் கேட்டு அவளுடையதை மட்டும் எடுத்தேன். எங்கும் தவறவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை. முதலில் அந்தப் பெரிய சத்தத்தை எடுத்தேன், பிறகு ஒவ்வொரு தட்டலாக.

உறையின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். 'சத்தமில்லாமல் துணை நின்ற என் அக்காவுக்கு.' அந்த வரி என்னுடையது. அக்கா மகள் படித்துவிட்டு அழுதாள். அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில், அம்மா விழுந்த அதே அறையில், மாட்டியிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. அதன் முன்னால் நின்று என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். உங்களிடம் போனில், "கொண்டாங்க, மாமா மாத்திக் குடுத்துருவாரு" என்று சொன்னது அவள்தான். வந்துவிடுவாள். நீங்கள் எழுந்து போகாதீர்கள். தனியாக இருந்தால் இன்றைக்கும் வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்துவிடுவேன். நீங்கள் கேட்ட அந்தச் சத்தத்தை அவளுக்கும் போட்டுக் காட்டிவிட்டு, அது என்ன என்று சொல்லப்போகிறேன். முதல் பக்கம் என்றால்கூடத் தட்டில் குறை என்று நினைத்தேன் எனலாம். இது இரண்டாம் பக்கம். நான் தட்டைத் திருப்பிப் போட்ட பிறகும் அவள் உயிரோடு இருந்தாள், கூப்பிட்டாள். அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அவள் கேட்பாள். நீங்களும் அதைத்தான் கேட்க வாயெடுக்கிறீர்கள். அவளுடைய கடைசிச் சத்தம், அதையும் அழிக்க மனம் வரவில்லை, எங்காவது அவள் இருக்கட்டும் என்று விட்டேன். இந்தப் பதிலை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தால் எனக்கே உண்மை மாதிரி இருக்கும்.

ஆனால் உங்களுக்கு நல்ல காது, அந்தப் பதில் உங்களிடம் செல்லாது. அந்தத் தட்டல் சரியாக வயலின் எழும்பும் இடத்தில் விழுந்திருக்கிறது. அதை எடுத்தால் முதல் சுரம் கெட்டுவிடும் என்பதால்தான் விட்டேன்.